ஃபைன்வெர்க்பாவ் 300எஸ்: குண்டு போன பிறகும் நிற்கப் பழக்கும் ரைஃபிள்

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள், அதாவது காற்றின் விசையால் குண்டைத் தள்ளும் ரைஃபிளால் பத்து மீட்டர் தூரத்து அட்டையைச் சுடும் போட்டி, பழகத் தொடங்குபவர்கள் எதை வாங்கலாம் என்று கேட்டால், நல்ல நிலையில் ஒரு பழைய ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள் என்றுதான் சொல்வேன். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பதில் பிடிக்காது. இன்று போட்டி வரிசையில் யார் கையிலும் இது இல்லை. அழுத்தப்பட்ட காற்று நிரப்பிய சிலிண்டர், அலுமினிய ஸ்டாக் (தோளில் வைத்துப் பிடிக்கும் உடற்பகுதி), எல்லாப் பக்கமும் திருகித் திருத்தும் கன்னத்தாங்கி என்று ரைஃபிள்கள் எங்கேயோ போய்விட்டன. நானும் போட்டிக்கு அப்படிப்பட்ட ஒன்றைத்தான் எடுத்துப் போகிறேன். ஆனாலும் சுடக் கற்றது 300எஸ்ஸில். சமீபத்தில் ஒன்றை வாங்கி மறுபடி தினமும் கையில் எடுக்கிறேன். பழைய பாசத்தில் இதை எழுதவில்லை. இந்த ரைஃபிள் கற்றுத்தரும் ஒரு விஷயத்தைப் புதியவை இவ்வளவு கண்டிப்பாகக் கற்றுத்தருவதில்லை என்பதற்காக எழுதுகிறேன்.

இதைச் செய்தது ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃப் ஊரில் உள்ள ஃபைன்வெர்க்பாவ். மௌசர் ஆலையில் பொறியாளர்களாக இருந்த கார்ல் வெஸ்டிங்கர், எர்ன்ஸ்ட் ஆல்டன்பர்கர் இருவரும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொடங்கிய நிறுவனம். ஏர் ரைஃபிள் உலக சாம்பியன்ஷிப்பில் முதலில் சேர்ந்தது 1966இல், வீஸ்பாடனில். ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1984இல், லாஸ் ஏஞ்சலஸில். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலம்தான் 300 வரிசை ரைஃபிள்களின் பொற்காலம். 1970களின், 80களின் போட்டிப் படங்களைப் பார்த்தால், பக்கவாட்டில் நீளமான லீவரோடு இது வரிசையாக நிற்கும்.

இயங்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். இது ஸ்பிரிங் ரைஃபிள். வலப்பக்க லீவரை வெளியே இழுத்துப் பின்னால் கொண்டுவந்தால், காற்றறை முழுவதும் பின்னால் நகர்ந்து, பேரலின் (குண்டு ஓடும் குழாயின்) பின்வாய் திறந்துகொள்ளும். தட்டைத் தலைக் குண்டு ஒன்றைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்த வேண்டும். பிறகு லீவரைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் மூடினால் தயார். டிரிகரை அழுத்தினால் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னே தள்ளும், பிஸ்டன் காற்றை நெருக்கும், நெருங்கிய காற்று குண்டைத் தள்ளும். பம்ப் வேண்டாம், சிலிண்டர் வேண்டாம், நிரப்பும் நிலையம் வேண்டாம். ஒவ்வொரு சுடுதலுக்கும் வேண்டிய பலம் நம் கையிலிருந்துதான் போகிறது.

சாதாரண ஸ்பிரிங் ரைஃபிளை வைத்துத் துல்லியமாகச் சுடுவது பெரும் பாடு. கனமான பிஸ்டன் முன்னே பாயும்போது ரைஃபிள் பின்னால் தள்ளும். பிஸ்டன் நெருங்கிய காற்றில் மோதி நிற்கும்போது ரைஃபிள் முன்னால் துள்ளும். இந்த இரட்டை உதறல் நடக்கும்போது குண்டு இன்னும் பேரலுக்குள்தான் இருக்கிறது. பிடி கொஞ்சம் மாறினாலும் குண்டு வேறு இடத்துக்குப் போகும். 300எஸ் இதற்குக் கண்ட வழிதான் அதன் உயிர்நாடி. பேரலும் இயக்கப் பகுதியும் ஸ்டாக்கோடு இறுகப் பொருத்தப்படவில்லை. ஸ்டாக்குக்குள் தண்டவாளம் மாதிரியான அமைப்பின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. லீவரை இழுக்கும்போது அந்தப் பகுதி முன்னிலையில் பூட்டிக்கொள்ளும். டிரிகர் விடும்போது பூட்டும் விடுபடும். பிஸ்டனின் உதறலை அந்தப் பகுதியே வாங்கிக்கொண்டு, நன்றாக எண்ணெய் போட்ட மேசை இழுப்பறை போலச் சில மில்லிமீட்டர் பின்னால் வழுக்கிப் போகும். தோளுக்கு எதுவும் வராது. போதாததற்கு உள்ளே ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றிய இரண்டு ஸ்பிரிங்குகள். ஒரே ஸ்பிரிங் என்றால் விரியும்போது ரைஃபிளை லேசாக முறுக்கும். இரண்டும் எதிரெதிர் என்பதால் முறுக்கு தன்னைத் தானே தீர்த்துக்கொள்கிறது. பிஸ்டனில் கார் எஞ்சினில் இருப்பது போன்ற உலோக வளையம். இவ்வளவு யோசித்து ஒரு பொருளைச் செய்திருக்கிறார்களே என்று ஒவ்வொரு முறை கழற்றிப் பார்க்கும்போதும் மனம் நிறைந்துபோகிறது.

முதல் முறை சுடுபவருக்கு இது விநோதமாக இருக்கும். தோளில் ஒன்றும் தெரியாது, ஆனால் குறி பார்க்கக் கண்ணருகே இருக்கும் பேக்சைட் தன் ரப்பர் கண்கிண்ணத்தோடு சட்டென்று நம்மை நோக்கி வந்து நிற்கும். பயப்பட வேண்டியதில்லை, கண்ணில் இடிக்கும் தூரமல்ல. சில நாளில் பழகிவிடும். பழகியபின் அந்த நகர்வே ஒரு சாட்சியாகிவிடும். நேராகப் பின்னால் வந்தால் பிடியில் கோணல் இல்லை. வரும்போது பேரல் முனையில் இருக்கும் ஃபோர்சைட் ஒரு பக்கமாக விலகினால், கையோ தோளோ எங்கேயோ தள்ளுகிறது என்று அர்த்தம். காற்றுச் சிலிண்டர் ரைஃபிள்களில் இந்தச் சாட்சி ரொம்ப மெல்லிய குரலில் பேசும். இங்கே வெளிப்படையாகவே தெரியும்.

இதைப் புரிந்துகொள்ள இலக்கு அட்டையின் அளவைச் சொல்ல வேண்டும். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர். பேனா முனையால் வைத்த புள்ளி அளவுதான். குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். குண்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து என்பதால், குண்டின் நடு இலக்கின் நடுவிலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். அதைத் தாண்டினால் ஒன்பது. இரண்டு சைட்டுகளுக்கும் நடுவே 80 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், ஃபோர்சைட் முனை 0.2 மில்லிமீட்டர் நகர்ந்தாலே பத்து ஒன்பதாகிவிடும். இரண்டு மூன்று தலைமுடியைச் சேர்த்து வைத்த தடிமன், அவ்வளவுதான்.

இப்போது ஸ்பிரிங் ரைஃபிளின் தாமதத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். டிரிகர் விட்டதும் பிஸ்டன் ஓட வேண்டும், காற்று நெருங்க வேண்டும், அதன் பிறகுதான் குண்டு அசையத் தொடங்கும். அரை மீட்டர் நீளப் பேரலைக் கடந்து, விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில்தான் வெளியே போகும். இது மிதமான வேகம். இந்தக் கொஞ்ச நேரத்தில் சுடுபவர் தலையைத் தூக்கினாலோ, தோளைத் தளர்த்தினாலோ, 'போச்சு, முடிஞ்சது' என்று மனசு விட்டாலோ, குண்டுக்கு அது தெரிந்துவிடும். அட்டையில் எழுதிவிடும். சிலிண்டர் ரைஃபிளில் வால்வு திறந்ததும் குண்டு கிளம்பிவிடுவதால், அரைகுறையாக நின்றாலும் பல நேரம் பத்து கிடைத்துவிடும். 300எஸ்ஸில் அந்தச் சலுகை கிடையாது. அதனால்தான் பழகுபவருக்கு இது நல்லது என்கிறேன்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சார் இதை ஒரே வாக்கியத்தில் சொல்வார்: "குண்டு போகட்டும்மா, நீ இங்கேயே இரு." பள்ளிப் படிப்பின் கடைசியில் சேர்ந்தவள் நான். கிளப்பில் இருந்த 300எஸ்கள் எல்லாம் பலர் கைபட்டவை. ஸ்டாக்கில் பிடிக்கும் இடம் கறுத்து, வழவழவென்று இருக்கும். வந்த நாளே ரைஃபிளைத் தர மாட்டார் சார். வெறுங்கையோடு சுடும் கோட்டில் நிற்க வைப்பார். கால் தோள் அகலத்துக்கு, உடல் இலக்குக்குப் பக்கவாட்டில், இடுப்பு கொஞ்சம் முன்னே, இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல். "தசை நடுங்கும், எலும்பு நடுங்காது. எலும்பு மேல வை" என்பார். ரைஃபிள் கைக்கு வந்தபின்னும் முதலில் குண்டு இல்லை. குறி பார், கண்ணை மூடு, மூச்சை இழுத்து விடு, கண்ணைத் திற. ஃபோர்சைட் இப்போது எங்கே நிற்கிறது? கரும்புள்ளிக்கு இடப்பக்கம் நின்றால் கையால் தள்ளிக் கொண்டுவரக் கூடாது. பின்காலைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். மறுபடி கண்ணை மூடித் திறக்க வேண்டும். உடம்பு தானாகப் பார்க்கும் திசையும் இலக்கும் ஒன்றாகும்வரை இதுவே வேலை. கையால் தள்ளிப் பிடித்தால் டிரிகர் விட்ட அந்தக் கணத்தில் உடம்பு தன் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும், குண்டும் கூடவே போகும்.

குண்டு போட்டுச் சுட ஆரம்பித்தபின் வந்தது நோட்டுப்புத்தகம். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு வரிசையாக வட்டங்கள் வரைந்திருப்போம். டிரிகர் விட்டதும், அட்டையைப் பெரிதாகக் காட்டும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பைப் பார்க்கக் கூடாது. அப்படியே நிற்க வேண்டும். ஃபோர்சைட் மறுபடி இலக்கின் மேல் வந்து படிவதைப் பார்க்க வேண்டும். பிறகு ரைஃபிளை இறக்கி, குண்டு எங்கே போயிருக்கும் என்று மேல் வட்டத்தில் ஒரு புள்ளி. அதன் பிறகுதான் ஸ்கோப். உண்மையில் போன இடத்தைக் கீழ் வட்டத்தில் குறிக்க வேண்டும். சார் மேசைப் பக்கம் வந்தால் மதிப்பெண்ணைப் பார்க்கவே மாட்டார். மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். எட்டு போட்டவள் 'எட்டு, வலப்பக்கம், மூணு மணி' என்று சரியாகக் குறித்திருந்தால் தலையாட்டுவார். பத்து போட்டுவிட்டு, குண்டு இடப்பக்கம் போயிருக்கும் என்று குறித்தவளிடம்தான் உட்கார்ந்து பேசுவார். பத்து எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியாதே! அடுத்ததை எப்படிப் போடுவாள்?

எனக்கு மூத்த ஒரு அக்கா இருந்தார். அவர் நோட்டில் இரண்டு வரிசையும் அச்சு அடித்த மாதிரி இருக்கும். டிரிகர் விட்டபின் அவர் நிற்கும் விதத்தைப் பார்த்தால் சுட்டாரா இல்லையா என்றே தெரியாது. பேக்சைட் பின்னால் வந்து நின்றிருக்கும், அவர் கன்னம் ஸ்டாக்கை விட்டு நகர்ந்திருக்காது, இமைகூட அசையாது. ஒரு மூச்சு முழுவதும் அப்படி. பிறகு மெதுவாக இறக்குவார். புதிதாக வந்தவர்களை சார் அவர் பின்னால் நிற்க வைத்து, 'அட்டையைப் பார்க்காதீங்க, அக்காவைப் பாருங்க' என்பார். ஃபாலோ த்ரூ, அதாவது சுட்டபின்னும் அப்படியே நிற்பது, என்று புத்தகத்தில் படித்ததெல்லாம் அவர் பின்னால் நின்று பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இன்று சிலிண்டர் ரைஃபிளை வைத்துக்கொண்டு வரும் பிள்ளைகள் சிலர், டிரிகர் விட்டதும் பக்கத்துத் திரையில் எண்ணைப் பார்க்கத் தலையைத் திருப்புகிறார்கள். எலக்ட்ரானிக் டார்கெட் ஒவ்வொரு மதிப்பெண்ணையும் தசமமாகப் பிரித்து, உடனே 10.4, 9.8 என்று சொல்லிவிடுகிறது. அந்த எண்ணுக்கு ஆசைப்பட்டுக் கழுத்து முன்கூட்டியே திரும்பத் தொடங்கிவிடுகிறது. அவர்கள் கையில் சில வாரத்துக்கு என் 300எஸ்ஸையும், காகித அட்டையையும், ஒரு நோட்டையும் கொடுக்கிறேன். முதலில் குரூப்பிங், அதாவது குண்டுகள் சேர்ந்து விழும் இடம், விரிகிறது, முகம் வாடுகிறது. பிறகு கழுத்து நிற்கத் தொடங்குகிறது. தங்கள் ரைஃபிளுக்குத் திரும்பும்போது அந்த நிலையைக் கூடவே கொண்டுபோகிறார்கள். தசமப் புள்ளியில் அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2008 பெய்ஜிங் இறுதிப்போட்டியை நினைத்துப் பார்த்தால் போதும். கடைசிக் குண்டுக்கு முன் அபினவ் பிந்த்ராவும் ஃபின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் சரிசமம். பிந்த்ரா 10.8 போட்டார், மொத்தம் 700.5, தங்கம். ஹாக்கினன் 9.7 போட்டு வெண்கலத்துக்கு இறங்கினார். இருவர் குண்டும் நடுவிலிருந்து விலகிய தூரத்தை அட்டையில் அளந்தால் வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்கூட இராது.

சரி, ரைஃபிளுக்கு வருகிறேன். டிரிகர் அருமை. ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம் கீழ்வரம்பு உண்டு, ஏர் ரைஃபிளுக்கு அப்படி வரம்பு இல்லை. அதனால் இதன் டிரிகரை மிக லேசாக வைத்துக்கொள்ளலாம். முதல் கட்டம் சீராக வந்து ஒரு சுவரில் முட்டி நிற்கும். அந்தச் சுவரில் விரலை வைத்துக் காத்திருக்கலாம். நினைத்தால் போதும், விடும். அத்தனை வயதான இயந்திரம் இவ்வளவு சுத்தமாக விடுவதைப் புதிய ரைஃபிள் வைத்திருக்கும் நண்பர்களுக்குக் காட்டியிருக்கிறேன். வாயடைத்துப் போனார்கள். புதிதாகப் பழகுபவருக்கு ஒரே ஒரு யோசனை: ரொம்ப லேசாக வைக்காதீர்கள். விரல் சுவரை உணரும் அளவுக்கு எடை இருக்கட்டும்.

சைட்டுகள் வழக்கமான போட்டி வகை. பின்னால் சிறு துளையுள்ள டயாப்டர், முன்னால் குழாய்க்குள் மாற்றிப் போடும் வளையங்கள். கிளிக் ஒவ்வொன்றும் விரலுக்குத் தெளிவாகத் தெரியும். வளையம் தேர்ந்தெடுப்பதில் பலர் கஞ்சத்தனம் செய்வார்கள். அட்டையின் கரும்பகுதி 30.5 மில்லிமீட்டர். வளையம் அதை இறுக்கிப் பிடித்தால் துல்லியம் கூடும் என்று தோன்றும். நடப்பது வேறு. வெள்ளை இடைவெளி மெலிந்துபோய், சின்ன அசைவும் பெரிதாகத் தெரிய, கண் அதைத் துரத்தத் தொடங்கும். கரும்புள்ளியைச் சுற்றி நல்ல வெள்ளை வளையம் தெரியும்படி கொஞ்சம் பெரியதாகவே போடுங்கள். வட்டத்துக்குள் வட்டத்தை நடுவில் வைப்பது கண்ணுக்குச் சுபாவமாக வரும் வேலை.

இனி குறைகள். எடை முதலாவது. ஐந்து கிலோவை ஒட்டி வரும். விதிப்படி 5.5 கிலோவரை அனுமதி உண்டு என்பதால் போட்டியில் பிரச்சினை இல்லை, எடை நிலைத்தன்மைக்கும் உதவும். ஆனால் வளரும் பிள்ளைகளுக்கு இது அதிகம். நான் பழகிய காலத்தில் பெண்களுக்கு 40 குண்டுதான். 2018 முதல் ஆண்களைப் போலவே 60 குண்டு, எலக்ட்ரானிக் டார்கெட்டில் 75 நிமிடம். ஒவ்வொரு குண்டுக்கும் லீவரை இழுத்து மூடி, ஐந்து கிலோவைத் தூக்கி நிற்பது என்றால் கடைசிப் பத்தில் முதுகு கேள்வி கேட்கும். லீவர் இழுப்பது கடினமில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் உடல் நிலை கலைகிறது. கலைந்ததை மறுபடி அமைப்பதும் பயிற்சிதான் என்பேன். போட்டியில் அதுவே பாரம்.

இரண்டாவது, ஸ்டாக். மரத்தில் கடைந்தது, பார்க்க அழகு, பிடிக்க இதம். ஆனால் சாதாரண மாடலில் கன்னத்தாங்கியின் உயரத்தை மாற்ற முடியாது. கழுத்து நீளமானவர்கள் தலையைக் குனிந்து சைட்டைத் தேட வேண்டியிருக்கும். அது கழுத்துக்கும் கண்ணுக்கும் கெடுதல். அவர்களுக்கு கன்னத்தாங்கி மாற்றும் யுனிவர்சல் மாடல் நல்லது.

மூன்றாவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது: குண்டில்லாமல் டிரிகர் பழக முடியாது. புதிய ரைஃபிள்களில் ஒரு சிறு நெம்புகோலைத் திருப்பினால் காற்று இல்லாமல் டிரிகர் மட்டும் வேலை செய்யும். வீட்டில் சுவரைப் பார்த்து மணிக்கணக்கில் பழகலாம். ஸ்பிரிங் ரைஃபிளில் முன்னால் குண்டு இல்லையென்றால் பிஸ்டனைத் தாங்கக் காற்று மெத்தை இராது. உலோகம் உலோகத்தில் அடிக்கும். அதனால் 300எஸ்ஸோடு வீட்டில் செய்ய முடிவது தூக்கிப் பிடித்து நிற்கும் பயிற்சி மட்டுமே.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். சிலிண்டர் ரைஃபிளுக்கு 200 பார் அழுத்தக் காற்று வேண்டும். சிலிண்டருக்கு ஆயுள் தேதி உண்டு. தேதி முடிந்த சிலிண்டரோடு போட்டிக்குப் போக முடியாது, அதைக் கவனிப்பது சுடுபவர் பொறுப்பு. உள்ளே ஒழுகினால் பெட்டியைத் திறக்கும்போது அழுத்தமானி பூஜ்யத்தில் இருக்கும், அன்றைய பயிற்சி போயிற்று. 300எஸ் அப்படி ஒருநாளும் ஏமாற்றாது. பெட்டியிலிருந்து எடு, லீவரை இழு, சுடு.

பழையது வாங்கப் போகிறீர்கள் என்றால் பார்க்க வேண்டியவை உண்டு. முதலில் பின்வாய் ரப்பர். வயதானால் இறுகும், பொடியும். மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டை மூடிய பின்வாய் ஓரமாக வைத்து ஒரு குண்டு சுடச் சொல்லுங்கள். காகிதம் படபடத்தால் காற்று அங்கே ஒழுகுகிறது. ரப்பர் மாற்றுவது பெரிய வேலையல்ல, ஆனால் பேரம் பேசும்போது தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் அந்த வழுக்கும் அமைப்பு. லீவர் இழுத்து மூடியபின் இயக்கப் பகுதி ஸ்டாக்குக்குள் ஆடாமல் பூட்டி நிற்க வேண்டும். சுட்டபின் தடங்கல் இல்லாமல் வந்திருக்க வேண்டும். சுட்டும் நகரவில்லை, அல்லது கரகரவென்று வருகிறது என்றால் உள்ளே அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது. பிடிப்பகுதிக்குப் பக்கத்தில் மரத்தில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். டயாப்டரைச் சோதிக்க, ரைஃபிளை ஒரு சாய்மானத்தில் தாங்க வைத்து ஒரு குரூப், பிறகு மேலே சில கிளிக், வலமாக அதே அளவு, கீழே, இடம் என்று சதுரம் போல ஒரு சுற்று வந்து தொடங்கிய இடத்தில் மறுபடி ஒரு குரூப். முதலும் கடைசியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் சைட் நம்பகமானது. விற்பவர் இந்தச் சோதனைக்கு நேரம் தர மறுத்தால் வேறு ரைஃபிள் தேடுங்கள்.

பராமரிப்பில் முக்கியமான ஒன்று: காற்றறைக்குள் கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றக் கூடாது. பிஸ்டன் காற்றை நெருக்கும்போது வெப்பம் எகிறும். எண்ணெய் ஆவி டீசல் எஞ்சினில் போலத் தீப்பிடித்து வெடிக்கும். வேகம் தாறுமாறாகும், ரப்பரும் ஸ்பிரிங்கும் கெடும். தயாரிப்பாளர் சொல்லும் வகை மட்டும், சொல்லும் இடத்தில், சொட்டு அளவில். ஸ்பிரிங்கை இழுத்த நிலையில் ரைஃபிளை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகவும் கூடாது.

குண்டுக்கு வருகிறேன். போட்டிக்குண்டு தட்டைத் தலை, ஏறக்குறைய 0.53 கிராம். தட்டைத் தலை காகிதத்தைக் கிழிக்காமல் வட்டமாக வெட்டும், அதனால் மதிப்பெண் போடத் தகராறு இராது. தலை விட்டம் 4.49, 4.50, 4.51 என்று தனித்தனி டப்பாக்களில் வரும். ஒவ்வொரு பேரலுக்கும் ஒன்று பிடிக்கும். சாய்மானத்தில் வைத்து மூன்றையும் சுட்டுப் பார்த்து, இறுக்கமான குரூப் எதுவோ அதையே தொடர்ந்து வாங்குங்கள். என் ரைஃபிளுக்கு 4.50 பிடித்திருக்கிறது. குண்டு ஈயம், அதனால் ரேஞ்சில் எதையும் சாப்பிடக் கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சார் இதில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

பாதுகாப்பில் இந்த ரைஃபிளுக்கே உரியது ஒன்று உண்டு. குண்டு போடும்போது விரல் இருக்கும் இடத்துக்கு நேரெதிரே, ஸ்பிரிங்கின் முழு பலத்தோடு காற்றறை காத்திருக்கிறது. தவறி மூடாமலிருக்க உள்ளே தடுப்பு இருக்கிறது. ஆனாலும் ஒரு கை லீவரைப் பிடித்தபடியேதான் மறுகையால் குண்டு போட வேண்டும். எங்கள் கிளப்பில் முதல் நாளிலிருந்து அப்படித்தான், இன்றும் என் கை தானாக அப்படிச் செய்கிறது. மற்றவை எல்லா ரைஃபிளுக்கும் பொது: முனை எப்போதும் இலக்குப் பக்கம், குறி பார்க்கும்வரை விரல் டிரிகருக்கு வெளியே, கண்ணுக்குக் கண்ணாடி, யாராவது முன்னால் போகும்போது பின்வாய் திறந்து, குண்டு இல்லை என்று காட்டப் பேரலில் பாதுகாப்பு நூல். சுடுமுன் நம் வரிசை எண்ணையும் டார்கெட் எண்ணையும் வாய்விட்டுப் படிக்க வைப்பார் சார். 2004 ஏதென்ஸில் அமெரிக்காவின் மாத்யூ எம்மன்ஸ் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் முன்னணியில் இருந்து, கடைசிக் குண்டைப் பக்கத்து வரிசை டார்கெட்டில் சுட்டார். மதிப்பெண் பூஜ்யம், தங்கம் சீனாவின் ஜியா ஜான்போவுக்குப் போனது. அதற்குப் பிறகு எண்ணைப் படிக்கச் சொன்னால் எங்களில் யாரும் முணுமுணுக்கவில்லை.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். அடுத்த சில மாதத்தில் போட்டியில் இறங்கி மதிப்பெண் காட்ட வேண்டியவர்கள் சிலிண்டர் ரைஃபிளையே எடுக்கட்டும். டெலஸ்கோப் மாட்டி டப்பா சுடுவதற்கும் இது சரிப்படாது, அதற்காக இது பிறக்கவில்லை. பொறுமையாக அடிப்படையைக் கட்ட நினைப்பவர்கள், சொல்லிக்கொடுப்பவர்கள், பல வருஷம் சுட்டுவிட்டுத் தன் ஃபாலோ த்ரூ எங்கே தளர்ந்தது என்று தேடுபவர்கள், இவர்களுக்கு வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். வளரும் பிள்ளைக்கு என்றால் குட்டையும் லேசுமான ஜூனியர் மாடலைத் தேடுங்கள். அதுவும் உயரம் சேரவில்லை என்றால் அவசரப்பட்டு ஸ்டாக்கை அறுக்க வேண்டாம். ஓராண்டு சாய்மானத்தில் வைத்துச் சுடட்டும். டிரிகரும் நோட்டுப்புத்தகமும் அங்கேயே பழகிவிடும், தூக்கி நிற்பது உடம்பு வளர்ந்த பிறகு வரட்டும்.